ஏற்பியைத் தடுத்தால் மட்டும் கட்டி அடங்குவதில்லை
செல்லின் மேற்பரப்பில் வளர்ச்சிச் சமிக்ஞையை வாங்கும் புரதமான ஈஜிஎஃப்ஆர் ஏற்பியைத் தடுக்கும் மாத்திரை இருக்கையில், கிளியோபிளாஸ்டோமா என்னும் கொடிய மூளைப் புற்றுக்கட்டிக்கு அறுவை சிகிச்சை எதற்கு என்று கேட்பது வீண் நம்பிக்கையைத் தருகிறது. இக்கட்டிகளில் ஏறத்தாழப் பாதியில் அந்த ஏற்பியின் மரபணு பல படிகளாகப் பெருகியிருப்பது உண்மைதான். அவற்றுள் பலவற்றில் அம்மரபணுவின் 2 முதல் 7 வரையிலான எக்சான்கள் (புரதத்துக்கான குறிப்பைத் தாங்கும் துண்டுகள்) விடுபட்டு, வெளிப்பகுதி குறைந்த ஏற்பி உருவாகி, வளர்ச்சிக் காரணி வந்து ஒட்டாமலேயே செல்லைப் பிரிந்து பெருகத் தூண்டிக்கொண்டிருக்கிறது. ஆனால், நுரையீரல் புற்றுநோயில் பலன் தந்த எர்லோட்டினிப், ஜெஃபிட்டினிப் ஆகிய ஈஜிஎஃப்ஆர் தடுப்பு மாத்திரைகள் இங்கே ஆயுளை நீட்டவில்லை. அங்கே மாற்றம் பெரும்பாலும் ஏற்பியின் உட்புறக் கைனேஸ் பகுதியில் (செல்லுக்குள் சமிக்ஞை அனுப்பும் நொதிப் பகுதி) நிகழ்கிறது, இங்கேயோ வெளிப்புறத்தில். இந்த வேறுபாட்டைத்தான் பலரும் கவனிப்பதில்லை. இரத்தத்திலுள்ள பொருள்கள் மூளைக்குள் நுழைவதைக் கட்டுப்படுத்தும் இரத்த-மூளைத் தடுப்பும் கட்டியை எட்டும் மருந்தின் அளவைக் குறைக்கிறது. மேலும், வளர்ச்சிச் சமிக்ஞைக்குக் கடிவாளமான பிடென் (PTEN) புரதத்தை இழந்த செல்களில் ஏற்பியை அடைத்த பின்னும் ஏகேடி (AKT) என்னும் வளர்ச்சிச் சமிக்ஞைப் பாதை ஓய்வதில்லை. ஒரே கட்டிக்குள் பக்கத்துச் செல்களில் மெட் (MET), பிடிஜிஎஃப்ஆர் (PDGFR) போன்ற வேறு வளர்ச்சி ஏற்பிகளின் மரபணுக்களும் பெருகியிருக்கக்கூடும்.