தள்ளுபடி ஆனது எது?

"விமானம் ஏறும்போதே நம்மவர்கள் சாதியை விட்டுவிடுகிறார்கள், அமெரிக்காவில் அதற்குத் தனிச் சட்டம் எதற்கு" என்று கேட்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. நான் சோழிங்கநல்லூரில் உட்கார்ந்து ராத்திரி கலிபோர்னியா டீமோடு வேலை பார்க்கிறவன். அங்கே மேலாளரும் தமிழர்தான். புதிதாக ஒரு பையன் சேர்ந்தால் பேச்சு இப்படிப் போகும்: "சொந்த ஊர்?" "திண்டுக்கல் பக்கம் சார்." "பக்கம்னா எங்கே?" கிராமத்தின் பெயர் வந்ததும் எந்தத் தெரு, அப்பாவுக்கு என்ன வேலை, அப்புறம் "நீங்க வெஜ்ஜா?"

1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தை விடச் சொன்னது. நம் பெயர்களில் இன்று இனிஷியல்தான் மிச்சம், நல்லதுதான். பெயரில் கிடைக்காததைத்தான் இப்படிச் சுற்றி வளைத்துக் கறக்கிறார்கள். அமெரிக்க எச்ஆர் காதில் இதெல்லாம் சும்மா குசல விசாரிப்பு!

சிஸ்கோ வழக்கை 'தள்ளுபடி' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். சிஸ்கோ என்ற அமெரிக்கத் தொழில்நுட்ப நிறுவனத்தில் தலித் பொறியாளர் ஒருவர் சாதிப் பாகுபாட்டுக்கு ஆளானார் என்று 2020-ல் கலிபோர்னியா அரசுத் துறை தொடுத்த வழக்கு அது. 2023 ஏப்ரலில் வாபஸ் ஆனது குற்றம் சாட்டப்பட்ட இரண்டு பொறியாளர்கள் மீதானது மட்டும். நிறுவனத்தின் மீதான வழக்கு அதோடு முடியவில்லை. குற்றச்சாட்டை நிறுவனம் மறுத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதே ஆண்டு பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டுக்குத் தடை போட்டது. அக்டோபரில் இதே தடையைக் கொண்டுவர இருந்த கலிபோர்னியா மசோதாவை ஆளுநர் நியூசம் வீட்டோ செய்தார். ஏன்? இருக்கிற சட்டமே இதைத் தடுக்கிறதாம். சரி, அந்தச் சட்டத்தில் சாதி என்ற சொல்லே இல்லாதபோது, "எந்தத் தெரு?" என்ற கேள்விக்குப் பிறகு அப்ரைசலில் மார்க் குறைந்த பையன் எதைக் காட்டிப் புகார் எழுதுவான்?