ஏ.இ.டி.யைத் தொட்டால் வழக்கு வருமா?

ஏ.இ.டி. என்பது திடீரென இதயம் செயலிழந்து விழுந்தவருக்கு மின் அதிர்ச்சி (ஷாக்) கொடுத்து, இதயத்தை மீண்டும் சீராகத் துடிக்க வைக்க உதவும் கருவி. "சான்றிதழ் இல்லாமல் ஏ.இ.டி.யைத் தொட்டால் வழக்குப் போடுவார்கள், ஆம்புலன்ஸ் வரட்டும்" என்று கலிஃபோர்னியாவில் உள்ள நம்மவர்களிடையே ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. அது தவறு.

அம்மாநில சிவில் சட்டத்தின் 1714.21ஆம் பிரிவைப் பாருங்கள். சட்டமன்ற இணையதளத்திலேயே இருக்கிறது. அவசரத்தில், பணம் வாங்காமல், நல்லெண்ணத்தோடு இந்தக் கருவியைப் பயன்படுத்தியவரிடம் நஷ்டஈடு கேட்க முடியாது. சான்றிதழ் நிபந்தனை இல்லை. படுமோசமான அலட்சியத்துக்கும் வேண்டுமென்றே செய்த தீங்குக்கும் மட்டும் இந்தப் பாதுகாப்பு கிடையாது.

கருவியை இயக்கியதுமே அது பேசும். ஒட்டுப்பட்டைகளை எங்கே ஒட்டுவது என்று சொல்லும். வெற்று மார்பில் ஒட்டியதும் துடிப்பை ஆராய்ந்து, தேவைப்பட்டால் மட்டுமே ஷாக் கொடுக்கும், அல்லது அதற்கான பட்டனை அழுத்தச் சொல்லும்.

சி.பி.ஆரும் (மார்பை அழுத்திச் செய்யும் முதலுதவி) இல்லாமல், ஷாக் கொடுக்கத் தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு சுமார் 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. 911ஐ அழையுங்கள், கருவியை எடுங்கள். அந்தச் செய்தியை தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.