பெரியம்மாவின் இரட்சிப்புத் தேதி

பெரியம்மாவின் அடக்க ஆராதனையில் என்ன நடந்தது என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு வாட்ஸ்அப்பில் அந்த வீடியோ வந்திருக்கும். நான்கு நாள் பேசாமல்தான் இருந்தேன். நேற்று ஒருவர் போன் செய்து, "ஊழியர் சத்தியத்தைத்தானே சொன்னார், சத்தியம் கசக்கத்தான் செய்யும்" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

பெட்டி இன்னும் மூடப்படவில்லை. பெரியம்மாவின் கால்மாட்டில் தம்பி நிற்கிறான். இரண்டு இரவு தூங்காத முகம். ஊழியர் அவனைப் பார்த்து, மைக்கில், ஊரே கேட்க: "அம்மா எந்தத் தேதியில் இரட்சிக்கப்பட்டார்கள், சொல்லுங்கள் பார்ப்போம்?" மனந்திரும்பி ஆண்டவரை ஏற்றுக்கொண்ட நாளைத்தான் அப்படிக் கேட்பார்கள். அவன் விழித்தான். தெரியாது என்று தலையசைத்தான். "பெற்ற மகனுக்கே தெரியவில்லை!" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அடுத்த அரை மணி நேரம் நரகத்தின் வெப்பநிலையை விளக்கினார். நடுநடுவே ஆமென் வேறு. யார் யார் ஆமென் சொன்னார்கள் என்று நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இரட்சிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மனந்திரும்புதல் பழைய கதை என்றும் சொல்லவில்லை. நான் சொல்வது ஒன்றுதான்: ஆண்டவருடைய சத்தியத்துக்கு ஒருவர் செவிகொடுத்தாரா என்பதைத் தேதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. அவர் எப்படிப் பிழைத்தார் என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள்.

எங்கள் பெரியம்மா உலை வைக்கும்போது அரிசியை அளந்து போடுவார். பிறகு அதிலிருந்தே ஒரு கைப்பிடி எடுத்து, அடுப்புத் திட்டில் இருக்கும் துருப்பிடித்த பால்பவுடர் டப்பாவில் போடுவார். கைப்பிடி அரிசிக் காணிக்கை. சனிக்கிழமை சாயங்காலம் அந்த டப்பா கோயிலுக்குப் போகும். பெரியப்பா தவறிய வருடம் வீட்டில் ரேஷன் அரிசிதான், அதுவும் மாதக் கடைசியில் இருக்காது. அந்த வருடமும் டப்பாவில் அரிசி விழுந்தது. "நமக்கே பற்றவில்லையே பெரியம்மா" என்று நான் கேட்டேன். எனக்கு அப்போது பத்து வயது. "ஒரு பிடி அரிசியில் யார் பட்டினி கிடந்தார்கள்? போய்ப் படி" என்றார். அவ்வளவுதான் அவர் செய்த பிரசங்கம். மேடையேறிச் சாட்சி சொன்னதில்லை. கன்வென்ஷனில் கை தூக்கியதும் இல்லை. கடைசி வரிசையில் பாய் போட்டு, எங்கள் நாலு பேரையும் தூங்க வைத்துக்கொண்டிருந்தவருக்குத் தூக்கக் கை ஏது?

தேதி இருப்பவர்களை நான் கேலி செய்யவில்லை. 'அமேசிங் கிரேஸ்' எழுதிய ஜான் நியூட்டனுக்குத் தேதி இருந்தது. 1748 மார்ச், அட்லாண்டிக் கடலில் புயல், கப்பல் மூழ்கும் நிலை. அப்போதுதான் ஆண்டவரைக் கூப்பிட்டார். அந்த நாளை ஆயுள் முழுக்க நினைவுகூர்ந்தார். அதற்குப் பிறகு என்ன செய்தார் தெரியுமா? அடிமைக் கப்பலுக்குக் கேப்டன் ஆனார். கீழ்த்தட்டில் மனிதர்களைச் சங்கிலியில் பூட்டி வைத்துக்கொண்டு, மேல்தட்டில் பைபிள் வாசித்தார். 1754இல் கடலை விட்டதும் உடம்பு கெட்டதால்தான். அடிமை வியாபாரத்தைக் கண்டித்து அவர் எழுதி வெளியிட்டது 1788இல். புயலிலிருந்து எண்ணினால் நாற்பது வருடம்! புயலுக்குப் பிறகு வெகுகாலம்வரை தன்னை முழு அர்த்தத்தில் விசுவாசி என்று கருத முடியாது என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். அவருக்கு இருந்த வெட்கத்தில் கால் பங்கு நம்மவர்களுக்கு இருந்தால் போதும்.

நம் திருநெல்வேலிச் சீமையின் கவிஞர் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை 1858இல் ஞானஸ்நானம் பெற்றவர். இரட்சிப்பைப் பற்றி அவர் பாடிய காவியம் 1894இல் வந்தது. அதற்கு இரட்சணிய யாத்திரிகம் என்றுதான் பெயர் வைத்தார், ரசீது என்று வைக்கவில்லை.

இப்போது வசனத்தோடு வருவார்கள், தெரியும். "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்", எபேசியர் இரண்டு எட்டு. ஞாயிறு பள்ளியில் நானும் மனப்பாடம் செய்து பென்சில் பரிசு வாங்கியவன்தான். அப்படியே பத்தாம் வசனம் வரைக்கும் வாசியுங்கள், நற்கிரியைகளைச் செய்வதற்காகவே நாம் சிருஷ்டிக்கப்பட்டோம் என்று அங்கே இருக்கிறது. இயேசுவின் பக்கத்துச் சிலுவையில் தொங்கிக் கடைசி நேரத்தில் மனந்திரும்பிய கள்ளன் என்ன நற்கிரியை செய்தான் என்று கேட்பீர்கள். அவனுக்கு நேரம் இல்லை ஐயா. உங்களுக்கு முப்பது வருடம் இருந்தது.

"அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே", அதாவது ஊழியரைக் குறை சொல்லாதே என்று இரண்டு பேர் இன்பாக்ஸில் எச்சரித்திருக்கிறார்கள். 105ஆம் சங்கீதத்தைத் திறந்து பாருங்கள். அங்கே சொல்லப்படுகிறவர்கள் ஆபிரகாமும் ஈசாக்கும் யாக்கோபும், ஊர் ஊராக அலைந்த பரதேசிகள். அவர்களைத் தொடாதே என்று கர்த்தர் கடிந்துகொள்வது ராஜாக்களை. இங்கே மைக் யார் கையில் இருந்தது, பெட்டிக்குள் யார் இருந்தார்?

வீட்டு விஷயத்தை முகநூலில் எழுதலாமா என்கிறவர்களுக்குப் பதில் இல்லை. வீடியோவை நான் பரப்பவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் தூக்கம் வராது. வரி வசூலித்த சகேயு இயேசுவைப் பார்க்கக் காட்டத்தி மரத்தில் ஏறியது எல்லாருக்கும் தெரியும், பிள்ளைகளுக்குப் பாட்டே உண்டு. இறங்கிய பிறகு அவன் சொன்னதுதான் யாருக்கும் ஞாபகம் இல்லை. ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு. அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பிக் கொடுக்கிறேன் என்றான். அவன் இதைச் சொன்ன பிறகுதான் "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்றார் இயேசு. நாலத்தனை, நாலு மடங்கு! நான் அசலைத்தான் கேட்கிறேன்.

அன்றைக்குச் சத்தமாக ஆமென் சொன்னவர்களில் ஒருவர், 2003இல் என் அப்பாவிடம் நாற்பதாயிரம் ரூபாய் வாங்கினார். மகள் கல்யாணம் என்றார். சபைக்காரர்தானே என்று அப்பா வட்டி பேசவில்லை, ஒரு புரோநோட்டு மட்டும். அப்பா மூன்று வருடம் நடந்தார். நான்காவது வருடம் மரித்துப்போனார். அவருடைய அடக்கத்திலும் அந்த மனிதர் வந்து ஜெபித்தார், நன்றாகவே ஜெபித்தார். கேட்டால் "கர்த்தர் பார்த்துக்கொள்வார் தம்பி" என்பார். கர்த்தர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

பெரியம்மாவுக்காக எழுத உட்கார்ந்து அப்பாவின் கடனில் வந்து நிற்கிறேன் என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் வலிக்கிறது.

அந்த மனிதருக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை இருபத்தைந்தாவது ஆவிக்குரிய பிறந்தநாளாம், இரட்சிக்கப்பட்ட தேதியைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஆராதனை முடிந்ததும் கேக், பிரியாணி. பெரிய பேனரில் தேதி போட்டிருக்கிறார்கள். எனக்கும் அழைப்பு வந்திருக்கிறது, போகத்தான் போகிறேன். அப்பாவின் பீரோவிலிருந்து அந்தப் புரோநோட்டை எடுத்து, பைபிளில் சகேயு வருகிற லூக்கா பத்தொன்பதாம் அதிகாரத்தில் வைத்திருக்கிறேன். பைபிளை எடுத்துக்கொண்டு போங்கள், அந்தக் காகிதம் வேண்டாம் என்கிறாள் மனைவி. இன்னும் மூன்று நாள் இருக்கிறது.