மழைக்கு ஒதுங்கிய இருவர்

பாட்டு வந்தால் எழுந்து டீ போடப் போகிற ஆள் நான். என்னையும் அசையாமல் உட்கார வைத்துவிட்டது 1935இல் வந்த ஒரு கறுப்பு வெள்ளை ஹாலிவுட் படம். 'டாப் ஹாட்'. ஃப்ரெட் அஸ்டேர், ஜிஞ்சர் ராஜர்ஸ் ஜோடி. ஒரே வாரத்தில் இரண்டு முறை பார்த்தாயிற்று.

கதை ஒன்றும் பிரமாதமில்லை. லண்டன் ஹோட்டலில் ராத்திரி நேரத்தில் அவன் ஷூ தடதடக்க ஆடுகிறான். கீழ் அறையில் தூங்கிக்கொண்டிருந்தவள் சண்டைக்கு மேலே வருகிறாள். பார்த்ததும் அவனுக்குப் பிடித்துப்போகிறது. அவளோ பிறகு அவனைத் தன் தோழியின் கணவன் என்று தப்பாக நினைத்துக்கொள்கிறாள். யாராவது ஒருத்தர் ஒரே ஒரு தடவை பெயரை ஒழுங்காகச் சொல்லியிருந்தால் படம் பாதியிலேயே முடிந்திருக்கும். சொல்ல மாட்டார்கள். சரி, அதை விடுங்கள்.

அவள் திட்டிவிட்டுப் போன பிறகு அவன் செய்வதைப் பாருங்கள். தரையில் மணலைத் தூவி, அதன்மேல் காலைத் தேய்த்துத் தேய்த்து மெல்ல ஆடுகிறான். அந்தச் சரசரப்பே தாலாட்டாகி, கீழே அவள் தூங்கிப்போகிறாள். சண்டைக்கு மன்னிப்பும் ஆயிற்று, காதலுக்குத் தூதும் ஆயிற்று. வசனமே கிடையாது.

ஆனால் நான் விழுந்தது அடுத்த பாட்டில். மழை பிடித்துக்கொள்ள, இருவரும் பூங்காவில் ஒரு மண்டபத்தில் ஒதுங்குகிறார்கள். அவன் பாடுகிறான், அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவன் எழுந்து நடக்க, அவளும் பின்னாலேயே அவன் நடையைக் காப்பியடித்து நடக்கிறாள். அவன் ஒரு அடி வைத்தால் அதையே வைத்துக் காட்டுகிறாள். 'உனக்கு மட்டும்தான் தெரியுமா?' என்கிற மிதப்பு. குதிரையேற்றத்துக்கு வந்தவள் என்பதால் அவளுக்கும் கால்சட்டைதான். தூக்குவது, சுழற்றுவது, இடுப்பில் சாய்ப்பது என்று அவன் ஆட்டிவைக்கும் பொம்மையாக அவள் இல்லை. சரிக்குச் சரி மல்லுக்கட்டு. முடிந்ததும் இருவரும் கை குலுக்கிக்கொள்கிறார்கள். முத்தம்கூட இல்லை! பாட்டு தொடங்கும்போது முகம் கொடுக்காதவள், முடியும்போது காதலில் இருக்கிறாள். இந்தப் பாட்டை ஓட்டிவிட்டால் கதையே புரியாது. டீ போடப் போக முடியாமல் போனதற்குக் காரணம் அதுதான்.

இதற்கு அஸ்டேரின் பிடிவாதமும் ஒரு காரணம். ஆடும்போது தலை முதல் கால் வரை முழு உடம்பும் தெரிய வேண்டும், காட்சியைத் துண்டு துண்டாக வெட்டக் கூடாது என்பார். அதனால் ஒரு அடி பிசகினாலும் முதலிலிருந்து ஆட வேண்டியதுதான். இதே ஜோடியின் 'ஸ்விங் டைம்' படத்தில் ஒரு நடனத்துக்கு 47 டேக் போய், ஜிஞ்சரின் காலில் ரத்தம் வந்தது. (அதே படத்தில் அஸ்டேர் முகத்தில் கறுப்புப் பூசிக்கொண்டு ஆடும் பாட்டும் உண்டு. ஒரு கறுப்பின நடனக் கலைஞருக்கு மரியாதை என்று செய்ததாம். இருந்தாலும் எனக்குப் பார்க்கச் சங்கடம்தான்.)

அப்புறம் அந்த இறகு கவுன். 'டாப் ஹாட்'டின் பெரிய காதல் நடனத்துக்கு, உடம்பெல்லாம் தீக்கோழி இறகு வைத்த உடுப்பைத்தான் போடுவேன் என்று ஜிஞ்சர் நின்றார். நிஜத்தில் அது வெளிர் நீலம். படத்தில் நிலா வெளிச்சம் மாதிரி இருக்கிறது. கலரில் எடுத்திருந்தால் வெறும் நீலத் துணியாகப் போயிருக்கும் என்று தோன்றுகிறது. ஒத்திகையில் இறகு உதிர்ந்து கண்ணிலும் மூக்கிலும் ஏற, அஸ்டேருக்குக் கடுப்பு. ஜிஞ்சர் மசியவில்லை. கடைசியில் அதே உடுப்புதான். பிறகு ஜிஞ்சருக்கு 'இறகு' என்றே பட்டப்பெயர் வைத்து, தங்கத்தில் ஒரு இறகும் பரிசளித்தாராம் அஸ்டேர்.

பார்க்கும்போது அந்தப் பாட்டில் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இருவரும் கன்னத்தோடு கன்னம் வைத்து ஆடிக்கொண்டிருக்க, பின்னால் ஒன்றிரண்டு இறகு பறந்து போகும்.