தண்டனை கூடினால் கோப்புப் பகிர்வு நிற்குமா?
2023-இல் வந்த சினிமாட்டோகிராஃப் (திரைப்பட) திருத்தச் சட்டம், படங்களைத் திருட்டுத்தனமாகப் பதிவுசெய்து பரப்புவோருக்கு 3 ஆண்டு வரை சிறையும், தயாரிப்புச் செலவில் 5 விழுக்காடு வரை அபராதமும் விதிப்பதால் இணையத்தில் படங்கள் பரவுவது நின்றுவிடும் என்று இங்கே வந்த ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க இயலவில்லை. தமிழ்நாட்டில் 2004-லேயே திருட்டு வீடியோக்காரர்களைக் குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகும் அம்பாசமுத்திரத்தில் என் சித்தப்பா மகன் வேலை பார்த்த செல்போன் கடையில், நடிகர் வாரியாகப் பிரித்து வைத்திருந்த கோப்புறைகளிலிருந்து 30 ரூபாய்க்கு மெமரி கார்டு நிறையப் பாட்டும் படமும் ஏற்றிக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அந்தக் கடையில் கூட்டம் கலைந்தது காவல்துறைச் சோதனையால் அன்று, 2016-க்குப் பின் டேட்டா விலை குறைந்து, கேட்ட பாட்டு கைப்பேசியிலேயே கிடைக்கத் தொடங்கியதால்தான். கடையையாவது பூட்டலாம், பலரின் கணினிகள் நேரடியாகக் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் டொரண்ட் முறையில் பூட்டுவதற்கு ஓர் இடமே கிடையாது, பதிவிறக்குகிறவரின் கணினியே அடுத்தவருக்குத் துண்டு துண்டாக அனுப்பிக்கொண்டிருக்கும். 2009-இல் ஸ்வீடன் நீதிமன்றம் பைரேட் பே என்ற டொரண்ட் தளத்தை நடத்தியவர்களுக்குச் சிறைத்தண்டனை விதித்தும் அந்தத் தளம் மறைந்துவிடவில்லை. அப்படியானால் சட்டமே வேண்டாமா என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். கட்டாயம் வேண்டும், முதல் வார வசூலை மட்டுமே நம்பிப் படமெடுக்கும் சிறு தயாரிப்பாளருக்காக, திரையரங்கில் கேமராவைத் தூக்குபவரை அது பிடிக்கட்டும். ஆனால் என் தந்தை தேடும் பழைய படங்களில் பல எந்தத் தளத்திலும் முறையாகக் கிடைப்பதில்லை, அவற்றைக் காசு கொடுத்துப் பார்க்க அவர் ஆயத்தமாகவே இருக்கிறார்.