கடைமடைக்கு வராத கரண்ட்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நெல்லைக்காரர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. தாமிரபரணி ஊருக்குள் வந்துவிட்டுப் போன பிறகு, எங்கள் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை. மாடி வீட்டு அண்ணாச்சியிடம் மட்டும் இன்வெர்ட்டர் இருந்தது. தன் வீட்டு மின்விசிறியை அணைத்துவிட்டு, ஒரே ஒரு பிளக் பாயிண்டைத் தெருவுக்கு விட்டுக்கொடுத்தார். என்னிடம் நான்கு போர்ட் சார்ஜர் ஒன்று இருந்தது; 250 ரூபாய்க்கு வாங்கியது. அன்றைக்கு நான்தான் தெருவின் நாயகன் என்ற நினைப்பில் கொண்டுபோய் மாட்டினேன். நான்கு போன்களைச் செருகினோம். நான்கிலும் சார்ஜ் ஏறும் அடையாளம் மின்னியது. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் எதுவும் பத்துப் பன்னிரண்டு சதவீதத்தைத் தாண்டவில்லை. நான்காவது போன் கண்ணையே திறக்கவில்லை.

அண்ணாச்சி வயல் பார்த்தவர். சார்ஜரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தம்பி, இது கடைமடைக் கதையாகத்தானே இருக்கிறது? மதகு ஒன்று, மடை நான்கு. எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்துவைத்தால் எந்த வயல் நனையும்? முறை வையுங்கள்” என்றார். அதன்பிறகு அரை மணிக்கு ஒரு போன் என்று முறைப்பாசனம் நடந்தது. சென்னையில் மகளுக்குப் பிரசவ நாள் நெருங்கியிருந்த எதிர்வீட்டு அக்காவுக்கு முதல் முறை.

அந்தச் சார்ஜரின் முதுகில், கொசுவுக்கு மட்டும் தெரிகிற எழுத்தில், “5 வோல்ட், மொத்தம் 3.1 ஆம்பியர்” என்று இருந்தது. ஐந்தை 3.1 ஆல் பெருக்கினால் 15.5 வாட்; மதகு விடுகிற மொத்தத் தண்ணீர் அவ்வளவுதான். நான்கு போன் பங்கு போட்டால் ஆளுக்கு நான்கு வாட்கூடத் தேறாது. 5000 மில்லி ஆம்பியர் மணி என்று விற்கிற போன் பேட்டரி நிரம்ப ஏறத்தாழ 19 வாட் மணி வேண்டும். ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். வழியில் சூடாகிக் கரைகிற பங்கு தனி.

ஆகவே போர்ட் எத்தனை என்று எண்ணிச் சார்ஜர் வாங்குவதை நான் விட்டுவிட்டேன். கால்வாயில் எத்தனை மடை என்று எண்ணி வயல் வாங்குகிறவர் எங்கள் பக்கத்தில் யாரும் இல்லை. அணையிலிருந்து எவ்வளவு வருகிறது, பக்கத்து மடை திறந்திருக்கும்போது நமக்கு எவ்வளவு என்றுதான் கேட்பார்கள். சார்ஜருக்கும் கேள்வி அதேதான். நல்ல சார்ஜர்களின் பெட்டியிலோ முதுகிலோ ஒரு பங்கீட்டு அட்டவணை இருக்கும். ஒரு போர்ட்டில் மட்டும் செருகினால் 65 வாட், இரண்டில் செருகினால் 45க்கு 20, மூன்றாவதையும் செருகினால் இன்னும் குறையும் என்கிற மாதிரி. பெட்டியின் முகப்பில் கொட்டை எழுத்தில் இருப்பது முதல் எண் மட்டும். அட்டவணையே போடாத சார்ஜரை நான் தொடுவதில்லை.

போன மாதம் அண்ணன் வீட்டுக்கு ஒன்று வாங்க நெல்லை வண்ணார்பேட்டைக் கடை ஒன்றுக்குப் போனோம். கடைக்காரர் ஆறு போர்ட் பெட்டியை எடுத்து நீட்டினார். அண்ணனுக்கு ஆசை. மதினிக்கு வேறு பயம்: “65 வாட் என்றால் என் போன் வெந்துவிடாதா?” நியாயமான பயம்தான். ஆனால் இப்போதைய டைப் சி சார்ஜர்களில் பவர் டெலிவரி என்றொரு ஏற்பாடு இருக்கிறது. செருகியதும் முதலில் 5 வோல்ட்தான் வரும். பிறகு சார்ஜர் தன்னால் என்னென்ன தர முடியும் என்று சொல்லும். கருவி அதில் தனக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கும். போன் 9 வோல்ட் கேட்கலாம், லேப்டாப் 20 வோல்ட் கேட்கலாம். கேட்காததைச் சார்ஜர் திணிக்காது. (வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு இலையில் திணிக்கிற நம் பழக்கம் இதற்கு இல்லை.)

ஆறு போர்ட் வேண்டாம் என்று அடம்பிடித்து, இரண்டு டைப் சி, ஒரு பழைய வகை போர்ட் உள்ள 65 வாட் சார்ஜரை வாங்கவைத்தேன். அலுவலகத்துக்குப் போகிற ஒரு லேப்டாப், இரண்டு போன் உள்ள வீட்டுக்கு அது போதும். ஒரு குறை உண்டு. லேப்டாப் ஏறிக்கொண்டிருக்கும்போது இன்னொரு போனைச் செருகினால், பங்கை மறுபடி பிரிப்பதற்காகச் சில சார்ஜர்கள் ஒரு நொடி எல்லாவற்றையும் நிறுத்தித் தொடங்கும். அண்ணன் இதைப் பார்த்துவிட்டு “கெட்டுப்போனதைத் தலையில் கட்டிவிட்டான்” என்று இரவு பத்து மணிக்கு என்னை அழைத்தார். இன்னொன்று, பெட்டியில் 80 வாட், 100 வாட் என்று போட்டு வரும் சில போன்கள் தங்கள் நிறுவனச் சார்ஜரின் பாஷைக்குத்தான் அந்த வேகம் காட்டும். பொதுச் சார்ஜரில் மெதுவாகத்தான் ஏறும். அது சார்ஜரின் குற்றமில்லை.

கேபிளில் கஞ்சத்தனம் பார்த்தால் எல்லாம் வீண். சாதாரண டைப் சி கேபிள் 3 ஆம்பியர், அதாவது 60 வாட் வரைதான் தாங்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் உள்ளே அடையாளச் சில்லு வைத்த 5 ஆம்பியர் கேபிள் வேண்டும்.

பயணத்துக்கு என் அளவுகோலே வேறு. சென்னைக்கு இரவு ரயிலில் போகிறவர்களுக்குத் தெரியும், சில பெட்டிகளில் சாக்கெட் அருகே 110 வோல்ட் என்று எழுதியிருக்கும். சார்ஜரில் “இன்புட் 100-240” என்று இருந்தால் வீட்டு 230க்கும் இதற்கும் ஒன்றே போதும். அதைவிடப் பெரிய பிரச்சினை எடை. கனமான சார்ஜர், தேய்ந்த சாக்கெட்டில் நிற்காது. வண்டி குலுங்கும் ஒவ்வொரு தடவையும் நழுவும். கோவில்பட்டி தாண்டுவதற்குள் மூன்று தடவை எழுந்து குத்தியிருக்கிறேன். கேலியம் நைட்ரைடு (உள்ளே சிலிக்கானுக்குப் பதிலாக வைக்கிற பொருள்) என்று போட்டு வருகிறவை அதே வாட்டுக்குச் சிறியதாகவும் லேசாகவும் இருக்கின்றன. பயணத்துக்கு அந்தக் கூடுதல் காசைக் கொடுக்கலாம். வீட்டில் சுவரோடு கிடப்பதற்கு அவசியமில்லை.

எங்கே வாங்கினாலும் இந்தியத் தர நிர்ணய அமைவனமான பி.ஐ.எஸ். முத்திரையும், அதன் கீழே ஆர் எழுத்தோடு எட்டு இலக்க எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று வந்துவிடும். கடையிலேயே நின்று இதைச் செய்தேன். கடைக்காரர் முகம் போன போக்கை அண்ணன் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்.

அந்த 250 ரூபாய்ச் சார்ஜரை நான் தூக்கிப் போடவில்லை. அம்மாவின் பொத்தான் போன் அதன் நான்காவது போர்ட்டில் வாரத்துக்கு ஒருமுறை ஏறுகிறது. வெள்ளத்தின் மூன்றாம் நாளும் எங்கள் வீட்டில் உயிரோடு இருந்த ஒரே போன் அதுதான், டவர்தான் இல்லை.