மெல் மார்ஷல் ஒலிம்பிக் பதக்கம் வென்றவரா?

பிரிட்டிஷ் நீச்சல் வீரர் ஆடம் பீட்டிக்கு நீண்டகாலம் பயிற்சியாளராக இருந்த மெல் மார்ஷலும் நீச்சலில் ஒலிம்பிக் தங்கம் வென்றவர் என்று ஒரு பதிவு சொல்கிறது. அது சரியில்லைங்க. 2004 ஏதென்ஸ், 2008 பெய்ஜிங் இரண்டிலும் பிரிட்டனுக்காக நீந்தினார், பதக்கம் கிடைக்கவில்லை. 2006 மெல்பர்ன் காமன்வெல்த் போட்டியில் 6 பதக்கங்கள் வென்றார். குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம். 2016 ரியோவிலும் டோக்கியோவிலும் 100 மீட்டர் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் (மார்பு நீச்சல்) தங்கம் வாங்கியவர் பீட்டி. ஒலிம்பிக்கில் பயிற்சியாளருக்குப் பதக்கம் தருவதே கிடையாது.

சரிபார்ப்பது சுலபம். ஒலிம்பிக் அமைப்பின் தளத்தில் மெலனி மார்ஷல் என்ற முழுப்பெயரில் தேடி, பதக்க எண்ணிக்கையைப் பாருங்கள். ஏதென்ஸ் பெண்கள் 200 மீட்டர் ஃப்ரீஸ்டைல் முடிவையும் திறக்கலாம்: தங்கம் ருமேனியாவின் கமெலியா பொடெக்குக்கு, இறுதிச்சுற்றின் 8 பெயர்களில் மார்ஷல் இல்லை.